கட்டிப் புற்றும் காவல் அணுக்களும்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு விடியற்காலையில் செல்லும் பேருந்தில் ஒரு முறையேனும் பயணம் செய்த நேயர்களுக்கு அக்காட்சி புதிதன்று. அலுவலகம் செல்வோரும் கல்லூரி மாணவரும் ஏறுவதற்கு முன்னரே சன்னலோர இருக்கைகளில் சிலர் அமர்ந்திருப்பர். மடியில் நீளமான உறை ஒன்று இருக்கும். அதற்குள் ஸ்கேன் படங்கள் இருக்கும். காலடியில் வெந்நீர்க் குடுவையும், கஞ்சி ஊற்றிய தூக்குச் சட்டியும் இருக்கும். அவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், ஒருவர் தமிழில் தொடங்க மற்றவர் மலையாளத்தில் முடிப்பார். நெய்யாற்றின்கரை நிறுத்தத்தில் மேலும் இருவர் மூவர் அதே போன்ற உறைகளோடு ஏறுவர்.

அவர்கள் செல்லுமிடம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையம். நம் வீடுகளில் அதனை 'ஆர்.சி.சி.' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1981ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கி வளர்த்த முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்தது. கோட்டுக்கு இப்பாலுள்ளவரும் அப்பாலுள்ளவரும் இன்றும் அந்த மையத்தின் வாயிலில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர்.

சில மாதங்களுக்கு முன் அப்பேருந்தில் எனக்கு அறிமுகமான ஒருவர் என் வீடு தேடி வந்தார். பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூரில் குடியிருப்பவர். பூர்விகம் கல்குளம் பக்கம். அவருடைய தம்பிக்கு இடக்கன்னத்தில் புற்று. கழுத்து நெறிகட்டிலும் பரவியிருந்தது. அறுவை முடிந்து கதிர்வீச்சுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரத்தில் யாரோ ஒரு தரகர் அவரை அணுகியிருக்கிறார்.

"அண்ணாச்சி, வெளிமாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் செல் சிகிச்சை என்று புதிதாக வந்திருக்கிறதாம். நம்முடைய சொந்த இரத்தத்தையே எடுத்துப் பழக்கித் திருப்பி ஏற்றுவார்களாம். கதிர்வீச்சே வேண்டாமாம். ரப்பர் விளையை விற்றால் பணம் ஒப்பேறிவிடும். விற்கட்டுமா?"

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யை எளிதில் மறுத்துவிடலாம்; பாதி உண்மையை மறுப்பதற்கு, முதலில் அந்தப் பாதி எது என்று பிரித்தறிய வேண்டும். "தம்பி, இரண்டு நாள் பொறுங்கள், கதிர்வீச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவ்விரண்டு நாட்களில் படித்துத் தெரிந்துகொண்டதும், பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்ததுமே இக்கட்டுரை.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் 'டி' அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவை உடலின் காவலர். கிருமி புகுந்த உயிரணுவையும், இயல்பு திரிந்த உயிரணுவையும் தேடிக் கொல்லுவது அவற்றின் தொழில். அக்காவலர்க்குக் கண் இல்லை. தொட்டுத் தடவித்தான் அறிய வேண்டும். தம் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் 'ஏற்பி' என்னும் புரதத்தால் எதிர்ப்படும் ஒவ்வோர் உயிரணுவையும் தொட்டுப் பார்க்கின்றன. அடையாளம் பொருந்தினால் கொல்லும். பொருந்தாவிடில் அப்பாற் செல்லும். புற்றணு நம் உடலிலேயே பிறந்தது. நம் சாயலே அதற்கும் உண்டு. ஆதலின் காவலர் பல வேளைகளில் அதனை வீட்டு ஆள் என்றே விட்டுவிடுகின்றனர்.

இக்காவலருக்குச் செயற்கையாக ஒரு புதிய கையைப் பொருத்தினால் என்ன என்னும் எண்ணம் 1989ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆய்வுக்கழகத்தில் செலிக் எஷ்ஹார் என்பவரின் கூடத்தில் வடிவம் பெற்றது. எதிர்ப்பொருள் என்னும் வேறொரு புரதத்தின் நுனி, குறித்த அடையாளத்தை உறுதியாகப் பற்றவல்லது. அந்நுனியை டி அணுவின் உட்பகுதியோடு ஒட்டவைத்தார்கள். இவ்வாறு பிறந்த ஒட்டு ஏற்பியைத்தான் 'கார்' என்கின்றனர். மோட்டார் வண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் அப்படிக் கூடிவிட்டன. அந்த ஏற்பி பூண்ட அணுவே 'கார்-டி' அணு.

செய்முறை கேட்பதற்கு எளிது. நோயாளியின் இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பர். நோய் செய்யாதவாறு அடக்கப்பட்ட ஒரு வைரசின் முதுகில் புதிய ஏற்பிக்குரிய மரபுக் குறிப்பை ஏற்றி அணுக்களுக்குள் அனுப்புவர். அணுக்கள் பல கோடியாகப் பெருகிய பின், நோயாளிக்குச் சில நாள் மருந்து கொடுத்து உடலில் இடம் ஒழித்து, அவற்றைத் திரும்ப ஏற்றுவர். கேட்பதற்கு எளிதே தவிர, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகத் தைக்கப்படும் சட்டை போன்றது இது. ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கு ஏற்ற முடியாது. விலை ஏறுவதற்கு அதுவே முதற்காரணம்.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்னும் சிறுமிக்கு, கார்ல் ஜூன் குழுவினர் உருவாக்கிய இவ்வணுக்கள் ஏற்றப்பட்டன. பிற மருந்துகள் எல்லாம் பயனற்றுப்போன இரத்தப் புற்று அவளுக்கு. அணுக்கள் ஏறியபின் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் ஊசலாடியது. மூட்டுவாதத்துக்கு வழங்கும் ஒரு மருந்து கொடுத்த பின்னர் மீண்டாள். புற்றும் மறைந்தது. 2017இல் அமெரிக்க அரசு அச்சிகிச்சைக்கு முதல் அனுமதி வழங்கிற்று.

நம் நாட்டிலும் இது கனவன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மருத்துவமனையினரும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்-19' 2021இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2025இல் வெளியான ஆய்வறிக்கைப்படி, பயனை மதிப்பிட முடிந்த நோயாளிகளில் நூற்றுக்கு 73 பேர்க்கு நோய் தணிந்தது. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆகும் செலவு இங்கே சுமார் 30 முதல் 40 இலட்சம் ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. நமக்கு அதுவும் மலைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் விக்ரம் மாத்யூஸ் குழுவினர், தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே இவ்வணுக்களைத் தயாரித்து ஏற்றிப் பார்த்திருக்கின்றனர். செலவைக் குறைக்கும் வழி அத்திசையில் இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். கேரளத்திலும் தலச்சேரி மலபார் புற்றுநோய் மையத்தில் இச்சிகிச்சை 2024இல் அளிக்கப்பட்டது.

தரகர் சொன்னதில் உண்மையான பாதி இதுவரைதான். மேலே கூறிய வெற்றிகள் அனைத்தும் இரத்தத்தைப் பற்றிய புற்றுக்கு உரியவை. இதனை எழுதும்வரை இந்தியாவில் அனுமதி பெற்ற கார்-டி மருந்துகளும் அவ்வகைப் புற்றுக்கே உரியவை. கன்னத்தில், இரைப்பையில், மார்பகத்தில், நுரையீரலில் வரும் கட்டிப் புற்று வேறு கதை. புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இக்கட்டிகளே என்பதை நினைத்தால் ஆராய்ச்சியாளர் ஏன் இரவும் பகலும் இதனோடு மல்லுக்கட்டுகின்றனர் என்பது விளங்கும்.

இரத்தப் புற்றில் காவலணுவுக்கு மூன்று வசதிகள் வாய்த்தன. பகைவன் இரத்தத்திலேயே திரிகிறான். தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாப் புற்றணுக்களும் ஒரே சட்டை அணிந்திருக்கின்றன, 'சி.டி.-19' என்னும் அடையாளம் ஒவ்வொன்றின் மேலும் நிறைந்திருக்கிறது. அதே சட்டை அணிந்த நல்லணுக்களும் உடன் அழிந்தாலும், அவற்றின் குறையை மருந்தால் ஓரளவு ஈடுசெய்து மனிதன் வாழலாம். கட்டியில் இம்மூன்றும் இல்லை. கட்டி ஒரு கோட்டை. உள்ளே நுழைவதே அரிது. நுழைந்தாலும் உயிர்வளி குறைந்து, காவலரைச் சோர்வுறச் செய்யும் பொருள்கள் நிறைந்த சூழல். இவ்விரண்டையும் விடப் பெரிய தொல்லை அடையாளம் பற்றியது; அதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

அமரவிளைச் சோதனைச் சாவடியை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் மூடப்படும்வரை லாரிகள் அங்கே வரிசைகட்டி நிற்கும். அதற்கும் முன்னே, 1960களில், மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலத்தைக் கண்டவர்களும் நம்மிடையே உண்டு. ஒரு காவலன் மூட்டை மூட்டையாக அரிசி ஏற்றிய வண்டியை மட்டுமே நிறுத்துவான் என்று வைத்துக்கொள்வோம். கள்ளக் கடத்தல்காரன் என்ன செய்வான்? வண்டிக்கு ஒரு மூட்டையாகப் பிரித்துக் கடத்துவான். காவலன் கண்ணில் அது படாது. சரி, ஒரு பிடி அரிசி கண்டாலும் பிடி என்று உத்தரவு போட்டால்? கடத்தல்காரனும் அகப்படுவான், களியக்காவிளைச் சந்தையில் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க இரண்டு படி வாங்கி முந்தானையில் முடிந்து வருகிற தாயும் அகப்படுவாள்.

கார்-டி அணுவின் நிலை இதுவே. இயற்கையான டி அணுவின் ஏற்பி மிகக் கூரியது. எதிரணுவின் மேல் விரல்விட்டு எண்ணத்தக்க அடையாளங்கள் இருந்தாலே அதற்குப் போதும். மனிதன் ஒட்டவைத்த கார் ஏற்பியோ மந்தமானது. நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் அடையாளம் இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். காரணம் உண்டு. இயற்கை ஏற்பி எட்டுப் புரத இழைகள் கூடிப் பின்னியது. செய்தியை உள்ளே கடத்தும் முடிச்சுக்கள் அதில் பத்து உள்ளன. துணைநிற்கும் புரதங்களும் பல. கார் ஏற்பியில் அத்தனையையும் ஒரே இழையில் அடக்கிவிட்டார்கள். அதனால் தொட்ட செய்தி உள்ளே போய்ச் சேருமுன் தேய்ந்துவிடுகிறது.

இதனால் நேரும் தீங்கு இரத்தப் புற்றிலேயே வெளிப்பட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் 'சி.டி.-22' என்னும் அடையாளத்தைக் குறிவைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு நோய் திரும்பிற்று. 2018இல் வந்த அறிக்கை அதன் காரணத்தைக் காட்டியது. திரும்பி வந்த புற்றணுக்கள் சட்டையை முழுதும் கழற்றவில்லை. அடையாளத்தின் அளவை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தன. வண்டிக்கு ஒரு மூட்டை! கட்டிப் புற்றிலோ தொடக்கத்திலிருந்தே இந்நிலைதான். ஒரே கட்டியில் சில அணுக்கள் அடையாளத்தை அடர்த்தியாகச் சுமக்கும், சில அருகலாகச் சுமக்கும். மந்தமான காவலன் முதல் வகையைக் கொன்றுவிட்டு இரண்டாம் வகையை விட்டுவிடுகிறான். மீந்தது மறுபடி வளர்கிறது.

ஆகவே ஏற்பியைக் கூர்மையாக்க முனைந்தனர். நியூயார்க் நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மிஷேல் சதலேன் குழுவினர் 2022இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாலராமபுரத்துத் தறிகளை அறிந்தவர்களுக்கு அதனை விளக்குவதும் எளிது. பழைய கார் முறையில் புதுத் தறி ஒன்றை வெளியே செய்து வீட்டுக்குள் வைத்தார்கள். இவர்களோ வீட்டிலுள்ள பழந்தறியையே வைத்துக்கொண்டு, பாவில் ஓடும் இழையை மட்டும் மாற்றினார்கள். கிரிஸ்பர் என்னும் மரபுக் கத்தரிக்கோலால் டி அணுவின் இயற்கை ஏற்பிக்குரிய இடத்தையே திறந்து, எதிர்ப்பொருளின் நுனியை அங்கே கோத்துவிட்டனர். எட்டு இழையும் பத்து முடிச்சும் அப்படியே வேலை செய்தன. கார் ஏற்பி கண்டுகொள்ளாத அருகலான அடையாளத்தையும் இப்புதிய அணுக்கள் கண்டுபிடித்தன. சோதனை எலிகளில் அவை கட்டுப்படுத்திய புற்றைக் கார் அணுக்களால் கட்டுப்படுத்த முடியவில்லை.

அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் அலெக்ஸ் மார்சன் குழுவினர் வேறு வழியில் சென்றனர். டி அணுவுக்குள் அதன் வேகத்தை அடக்கும் தடைக்கட்டைகள் பல உண்டு. அவற்றுள் 'ராசா-2' என்னும் ஒன்றை நீக்கிவிட்டால், அணு குறைந்த அடையாளத்துக்கும் விழித்துக்கொள்கிறது. கட்டியின் நச்சுச் சூழலிலும் சோராமல் நெடுநாள் போராடுகிறது என்று கண்டனர். இதுவும் ஆய்வுக்கூடத்திலும் எலியிலும் கண்ட முடிவே.

இவ்விடத்தில் நேயர்கள் முந்தானையில் அரிசி முடிந்த தாயை மறந்துவிடலாகாது. மருத்துவ உலகம் அவளை மறந்து ஒருமுறை பெரும் விலை கொடுத்தது. 'ஹெர்-2' என்பது மார்பகப் புற்றிலும் குடற்புற்றிலும் சிலரிடம் மிகுந்து காணும் அடையாளம். 2010இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் தம் அறிக்கையில் ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் வெளியிட்டனர். குடற்புற்று பரவிய ஒரு பெண்மணிக்கு ஹெர்-2ஐத் தேடும் கார்-டி அணுக்கள் ஆயிரம் கோடி ஏற்றப்பட்டன. கால் மணி நேரத்திற்குள் அவருக்கு மூச்சுத் திணறிற்று. ஐந்தாம் நாள் இறந்தார். நுரையீரலின் நல்லணுக்களிலும் ஹெர்-2 மிகச் சிறிய அளவில் உண்டு. ஏற்றப்பட்ட அணுக்கள் முதலில் சென்று சேர்வதும் நுரையீரலுக்கே. காவலர் அங்கேயே வாளை உருவிவிட்டனர் என்றே மருத்துவர்கள் கருதினர்.

2013இல் இன்னொரு செய்தி வெளியாயிற்று. இது கார் அன்று. இயற்கை ஏற்பியையே செயற்கையாகக் கூர்மையாக்கியது. அதனை ஏற்றிய முதல் இரு நோயாளிகளும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தனர். ஆராய்ந்தபோது, அளவுக்கு மிஞ்சித் தீட்டப்பட்ட அவ்வேற்பி இதயத் தசையிலுள்ள 'டைட்டின்' என்னும் புரதத்தின் துணுக்கைப் புற்றின் அடையாளமென்று மயங்கியது தெரிந்தது. வழக்கமாகக் கூடத்தில் வளர்க்கும் அணுக்களில் செய்த முன்சோதனைகள் இதனைக் காட்டிக்கொடுக்கவில்லை. துடிக்கும் இதயத் தசையணுக்களை வளர்த்துச் சோதித்தபோதுதான் அகப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நான் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மூவரும் வேறு வழியின்றி, பிறர்க்காவது பயன்படட்டும் என்று கையொப்பமிட்டு முன்வந்தவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இன்று ஓர் ஏற்பியை மனிதனுக்குத் தருமுன் எந்தெந்த நல்லணுவை அது தாக்கும் என்று ஆண்டுக்கணக்கில் சோதிக்கிறார்களே, அச்சோதனை அவர்கள் விட்டுச்சென்றது.

கூர்மையும் வேண்டும், கண்டதையெல்லாம் வெட்டாத நிதானமும் வேண்டும். இம்முரண்பாட்டை அவிழ்க்க வெண்டல் லிம் குழுவினர் 2021இல் காட்டிய வழி நுட்பமானது. அணுவுக்கு இரண்டு ஏற்பிகள் கொடுத்தனர். முதல் ஏற்பி வேண்டுமென்றே தளர்வாகப் பற்றுவது. ஹெர்-2 சிறிதளவே இருந்தால் அதன் பிடி நழுவிவிடும், நல்லணு தப்பிக்கும். ஹெர்-2 மிகுந்திருந்தால் பிடி நிலைக்கும். நிலைத்த பின்னரே அது உள்ளே செய்தி அனுப்பி, இறுகப் பற்றிக் கொல்லவல்ல இரண்டாம் ஏற்பியை உருவாக்கச் செய்யும். முதலில் ஏட்டையா பையைத் தூக்கி எடை பார்க்கிறார். கனமாக இருந்தால்தான் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுகிறார். எலிகளில் இம்முறை அடையாளம் மிகுந்த கட்டியை அழித்து, குறைந்த அணுக்களை விட்டுவைத்தது.

வேறு சிலர் இடத்தால் கட்டுப்படுத்த முயன்றனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஜான் மேஹர் குழுவினர், வாய், தொண்டைப் பகுதிப் புற்றுக்கு அணுக்களை இரத்தக்குழாயில் ஏற்றாமல் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தி முதற்கட்ட ஆய்வு செய்தனர். பாறசாலை அன்பரின் தம்பிக்கு வந்தது இவ்வினத்தைச் சேர்ந்த நோய் என்பதால் இதனைக் குறிப்பிடுகிறேன். அது பாதுகாப்பை அறியச் செய்த ஆய்வேயன்றி, விற்பனைக்கு வந்த மருந்தன்று.

அப்படியானால் கட்டிப் புற்றில் இதுவரை கண்ட பயன் எவ்வளவு? ஒன்றுமில்லை என்பதும் பிழை; வந்துவிட்டது என்பதும் பிழை. 2024 பிப்ரவரியில், கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்த டி அணுக்களைப் பிரித்துப் பெருக்கி ஏற்றும் சிகிச்சைக்கு, தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்டீவன் ரோசன்பர்க் 1988இல் தொடங்கிய வழி அது. பத்துப் பேரில் மூவருக்கே கட்டி சுருங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், மூட்டுக்கருகே தோன்றும் ஓர் அரிய சதைப்புற்றுக்கு ஏற்பி மாற்றிய டி அணுக்கள் அனுமதி பெற்றன. ஏற்பி மாற்றிய அணுக்களில் கட்டிப் புற்றுக்கென அங்கே அனுமதி பெற்றது அதுவே முதலாவது. ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு 43 பேர்க்குப் பயன் தெரிந்தது. ஸ்டான்போர்டில் மூளைத்தண்டிலும் முதுகுத்தண்டிலும் வரும் கொடிய கட்டிக்கு ஆளான இளையோர் 11 பேர்க்குக் கார்-டி அணுக்கள் கொடுத்ததில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் குறைந்தது. அந்நால்வருள் ஒருவருக்கு முற்றும் மறைந்தது. வேறு மருந்தே இல்லாத நோய் அது. சீனாவில் இரைப்பைப் புற்றுக்கு 'கிளாடின் 18.2' என்னும் அடையாளத்தைத் தேடும் கார்-டி அணுக்களை 156 பேர் கொண்ட ஆய்வில் வழக்கமான மருந்தோடு ஒப்பிட்டனர். நோய் முற்றாமல் நின்ற காலம் 1.77 மாதத்திலிருந்து 3.25 மாதமாக நீண்டது என்று 2025இல் அறிவித்தனர். ஒன்றரை மாதம்! ஆராய்ச்சியாளர்க்கு அது பெருவெற்றி; விளையை விற்று வரும் குடும்பத்துக்கு அது என்ன என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு செய்தி மட்டும் மனத்துக்கு ஆறுதல் தந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2004க்கும் 2009க்கும் இடையே நரம்பணுப் புற்றுக் கண்ட 19 குழந்தைகளுக்குத் தொடக்ககாலக் கார்-டி அணுக்கள் ஏற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை வளர்ந்து பெரியவளாகி, பதினெட்டு ஆண்டுக்குப் பின்னும் நோயின்றி வாழ்வதாக 2025இல் அறிக்கை வந்தது. இன்று இருப்பவற்றை நோக்க அவ்வணுக்கள் மிக எளியவை. அவையே ஒருவரைக் காத்தன என்றால் கூர்மையாக்கியவை நாளை பலரைக் காக்கும் என்று ஆராய்ச்சியாளர் நம்புவதில் வியப்பில்லை.

மூன்றாம் நாள் அந்த அன்பர் வந்தபோது இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். தரகரிடம் கேட்க வேண்டியவற்றையும் சொன்னேன். முதலாவது, அது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆராய்ச்சியா? அனுமதி பெற்றதென்றால் எந்தப் புற்றுக்கு என்று எழுத்தில் காட்டட்டும். ஆராய்ச்சி என்றால், 2009 முதல் நம் நாட்டில் ஒவ்வொரு மருந்து ஆய்வும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருத்தல் வேண்டும். அதன் எண்ணைத் தரட்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கென்று ஆகும் செலவை நோயாளியின் தலையில் சுமத்தலாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வகுத்த நெறி. அப்படியிருக்க ஆராய்ச்சி என்றும் சொல்லி இலட்சக்கணக்கில் பணமும் கேட்டால் அங்கே நிற்க வேண்டாம். மற்றொன்று நம்மைப் போன்ற இருமொழிக் குடும்பங்களுக்கு முக்கியமானது. ஒப்புதல் தாளை நோயாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. மலையாளம் பேசத் தெரியும் என்பதாலேயே மலையாளத்தில் அச்சடித்த பத்துப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று பொருளல்ல. தமிழில் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ நமக்கு ஒன்றுமே இல்லையா அண்ணாச்சி?" என்றார்.

உண்டு. அது நம் மாவட்டத்திலேயே நடந்தது. உலகமெங்கும் மருத்துவ மாணவர் படிக்கும் செய்தி. நம்மில் பலர்க்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் ஆர்.சி.சி. மருத்துவர்களும் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அவர்களும் மாபெரும் ஆய்வு ஒன்றை நடத்தினர். சில ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று முப்பத்தைந்து வயது கடந்தவர்களின் வாயை விளக்கொளியில் பார்த்தனர். வெள்ளைத் தடிப்போ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ கண்டால் மருத்துவரிடம் அனுப்பினர். மற்ற ஊராட்சிகளில் வழக்கம் போல் விட்டனர். 2005இல் இலண்டன் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊராட்சிகளில் வாய்ப்புற்றால் இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. மரபுக் கத்தரிக்கோலும் இல்லை, நாற்பது இலட்சமும் இல்லை. ஒரு கைவிளக்கும் பழகிய கண்ணும்.

இதனைச் சொன்னதும் அவர் தம் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை என் கண்ணில் படாதவாறு சட்டைப்பைக்குள் தள்ளினார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "உங்கள் வாயை எப்போது காட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். தம்பிக்குத் துணையாக எட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற மனிதர், தம் வாயை ஒரு நாளும் காட்டியதில்லை.

ரப்பர் விளை விற்கப்படவில்லை. தம்பிக்குக் கதிர்வீச்சு குறித்த நாளிலேயே தொடங்கி முடிந்துவிட்டது. தொண்டை வறண்டு, கஞ்சி மட்டுமே இறங்குகிறது என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். சென்ற முறை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அதே விடியற்காலைப் பேருந்தில் போனார்கள். இருவருக்கும் தனித்தனியே சீட்டு எடுத்திருந்தார்கள். அண்ணனின் கீழ்க்கன்னத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு இருப்பதாகவும், சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் அன்று மாலை தொலைபேசியில் சொன்னார்.